தேயிலைக்கு முந்திய மலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

கொத்மலைக் கல்வி வலயத்துத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும்,



வருடம் தவறாமல் நம் பாடசாலைகளிலிருந்து சுற்றுலா போகிறது. தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், விமான நிலையம் என்று ஒரு வருடம். திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று இன்னொரு வருடம். கடலைக் காணாத பிள்ளை கடலைக் காணட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூண்டுலோயாவிலிருந்தோ ரம்பொடையிலிருந்தோ இருட்டோடு புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரக்கூடிய ஹோட்டன் சமவெளியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் எத்தனை பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து, கொழும்புக்கு வேலைக்கும் போய்விடுகிறார்கள். வரும் முதலாம் தவணையில் ஒரு வகுப்பையாவது அங்கே கூட்டிப் போங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன். ஹோட்டன் சமவெளி என்றால் வெள்ளைக்காரர் வேன் பிடித்துப் போகும் இடம், கொழும்பிலிருந்து வருபவர்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு படம் எடுக்கும் இடம் என்றுதான் எங்கள் பக்கத்தில் பேச்சு. அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு பெரியவர்களிடம் இருந்தது. அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. அந்த நினைப்பு போக வேண்டும். அந்தப் புல்வெளியோடு கொத்மலைக்கு இருக்கும் சம்பந்தம் நாட்டில் வேறெந்த ஊருக்கும் குறைந்ததல்ல.

கொத்மலை அணைக்கட்டில் நின்று, இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தலவாக்கலையிலிருந்து என்று சொல்லும். தலவாக்கலைக்கு? லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து இறங்கும் ஆக்ரா ஓயாவிலிருந்து. அக்கரப்பத்தனைக்கு மேலே டயகமத் தோட்டங்கள். டயகமவின் கடைசித் தேயிலை நிரை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது; அந்தக் காட்டின் உச்சியில் கிடப்பதுதான் ஹோட்டன் சமவெளி. கொத்மலை ஓயாவின் தலைமாடு அது. 1985 இல் திறந்த கொத்மலை அணையின் 201 மெகாவாட் மின்நிலையத்தைச் சுழற்றும் தண்ணீரில் அந்தப் புல்வெளியில் விழுந்த மழையும் இருக்கிறது. 2012 இல் ஓடத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டமும் அப்படியே. தலவாக்கலையில் மறித்த தண்ணீர் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் ஓடி, நியம்கம்தொரவில் நிலத்துக்கடியில் இருக்கும் மின்நிலையத்தில் 150 மெகாவாட் தருகிறது. அதற்காகச் சென்கிளயர் நீர்வீழ்ச்சி மெலிந்துபோனதைத் தலவாக்கலை வீதியில் போகும்போதெல்லாம் நாம் பார்க்கிறோம். கொத்மலைப் பிள்ளைக்கு அணையைத் தெரியும், சுரங்கத்தைத் தெரியும், அருவி மெலிந்ததும் தெரியும். இவ்வளவும் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் நாம் காட்டவில்லை.

மழை விட்டு வெகுநேரமான பிறகும் கொழுந்தெடுக்கிறவர்களின் இடுப்புப் படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா, அந்தச் சமவெளியின் மண்ணும் அப்படித்தான். கறுத்த மண், மக்கிய புல்லும் வேரும் கலந்து பொதுபொதுவென்றிருக்கும். பெய்த மழை ஒரேயடியாக ஓடிவிடுவதில்லை. மண்ணில் ஊறி, தாழ்ந்த இடங்களில் சேறாக நின்று, சிறு ஓடைகளாகக் கசிகிறது. புல்வெளியைச் சுற்றியிருக்கும் காடு இன்னொரு வேலையும் செய்கிறது. காற்றடித்துக் காற்றடித்து அங்கே மரங்கள் உயரமாக வளர்வதில்லை. குடைபோலத் தலை பரப்பி, முறுகி நிற்கும். கிளையெல்லாம் பாசி தொங்கும். மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் அந்தப் பாசியில் பட்டுத் துளியாகித் தரைக்கு இறங்கும். அதனால்தான் மேகக்காடு என்கிறார்கள். புல்வெளியை அழித்தாலும் காட்டை அழித்தாலும் மழைக்காலத்தில் வெள்ளமும் வெயில்காலத்தில் வறண்ட ஓயாவும்தான் மிஞ்சும். மலைச்சரிவில் குடியிருக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று காட்டலாம். சுற்றுப்பாதையில் அவர்கள் கடக்கும் ஓடை நம் பக்கம் வருவதில்லை. அது பெலிஹுல் ஓயா. தெற்கே இறங்கி வளவை கங்கையோடு சேர்ந்து உடவளவைக் குளத்தை நிரப்பி, அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கடலுக்குப் போகிறது. நம் பக்கத்துச் சரிவில் விழும் மழை கொத்மலை ஓயாவாகி மகாவலியோடு சேர்ந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் முடிகிறது. களனி கங்கைக்கும் இந்த மலைத்தொடரிலிருந்தே தண்ணீர் போகிறது. கொழும்பு குடிப்பது அதைத்தான். ஒரே மேகத்து மழை மூன்று திசைக்குப் பிரிவதைப் பூமி சாத்திரப் பாடத்தில் எவ்வளவு நேரம் படம் கீறி விளக்கினாலும், அந்த மேட்டில் நின்று கையைக் காட்டிச் சொல்வதற்கு ஈடாகாது.

தண்ணீரைவிட எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. நம் பிள்ளைகள் கண் திறந்த நாளிலிருந்து பார்ப்பது தேயிலையைத்தான். லயத்துக் கதவைத் திறந்தால் தேயிலை, பாடசாலைக்குப் போகும் குறுக்குப்பாதையின் இரண்டு பக்கமும் தேயிலை. மலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. தேயிலைக்கும் அதற்கு முந்திய கோப்பிக்கும் முன்னால் இந்த மலைநாடு எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் சொற்பம். ஹோட்டன் சமவெளி அவற்றில் ஒன்று.

அது தப்பிப் பிழைத்த கதையில் நம் முன்னோர்களும் இருக்கிறார்கள். கோப்பிக்காகக் காடு வெட்டியபோது கோடாரி பிடித்த கைகளில் கங்காணிமார் கூட்டிவந்த நம்மவர் கைகளும் உண்டு. எந்தக் காட்டை வெட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் வேறு. 1869 இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அந்த நோய் பரவிக்கொண்டிருந்த காலத்தில், 1873 இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்துப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் ஒரு ஆலோசனை சொன்னார்: ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடக் கூடாது. அரசாங்கமும் அப்படி ஒரு உத்தரவு போட்டது. அந்த உத்தரவு எல்லா இடத்திலும் நிற்கவில்லை. நுவரெலியாவிலும் டயகமவிலும் இன்று தேயிலை நிற்கும் உயரத்தைப் பார்த்தாலே அது விளங்கும். ஆனாலும் உச்சியில் கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சத்தில்தான் கொத்மலை ஓயா பிறக்கிறது. ஹூக்கர் சொன்னதைக் கேட்டிருக்காவிட்டால் சமவெளியின் விளிம்புவரை நம் பாட்டன்மாரை விட்டே வெட்டியிருப்பார்கள். இன்று அங்கேயும் லயங்கள் இருந்திருக்கும்.

அங்கேயுள்ள பெயர்களைப் பற்றி ஆசிரியர்கள் வகுப்பில் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். சிங்களக் கிராமத்தவர்கள் மஹஎலிய என்று சொல்லிவந்த இடத்துக்கு 1831 இலிருந்து 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். பாதையில் வரும் அருவிக்கு சாமுவேல் பேக்கரின் பெயர். நுவரெலியாவில் குடியேறி, நாய்க்கூட்டத்தை விட்டு மரைகளைத் துரத்தி வேட்டையாடி, அதைப் புத்தகமாகவும் எழுதியவர் அவர். அதே காலத்து இராணுவ அதிகாரி தோமஸ் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. மலைநாடு முழுக்கத் திரிந்த யானை சுட்டும் காடழித்தும் ஒழிந்தது. இன்று ஹோட்டன் சமவெளியில் ஒரு யானைகூடக் கிடையாது. வேட்டைக்காரர் ஒருவரின் பெயர் அருவிக்கு இருக்கிறது, யானைகளுக்கு அங்கே அடையாளமே இல்லை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ளும். அதே நேரம், தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரையும் சொல்ல வேண்டும். அந்தச் சமவெளியைக் காப்பாற்ற வேண்டும் என்று நின்றவர் அவர். இன்று வருகையாளர் நிலையமாக இருக்கும் ஃபார் விடுதிக்கு அவர் பெயர்தான்.

பாதுகாப்பு மெல்ல மெல்லத்தான் வந்தது. 1960களில்கூட அங்கே விதை உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். 1969 டிசம்பர் 5 இல் அது ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. பிறகு கிழங்கு கைவிடப்பட்டது. ஆனாலும் கிழங்கு நின்ற நிலத்தில் உள்ளூர்ப் புல் முழுதாகத் திரும்பவில்லை, வெளிநாட்டுப் புல்தான் பிடித்துக்கொண்டது. 1988 மார்ச் மாதத்தில் தேசிய பூங்காவானது. மொத்தம் 3,160 ஹெக்டேயர். 2010 இல் சிவனடிபாத மலைக்காட்டோடும் நக்கிள்ஸ் மலையோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

சரி, போனால் பிள்ளைகள் என்ன பார்ப்பார்கள்?

முதலில் மரை. பட்டிப்பொல வாயிலைத் தாண்டிச் சமவெளிக்குள் ஏறினதும் விடிகாலைப் புல்லில் மரைகள் நிற்கும். தை மாசி மாதங்களில் சில காலைகளில் புல் நுனியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கிடா ஒன்று தலையைத் தூக்கினால் கழுத்து மயிரில் ஈரம் கட்டி நிற்பது தெரியும், மூக்கிலிருந்து புகைபோல ஆவி வரும். கொம்பில் புல் சுற்றிக் கிடக்கும், சேற்றில் குத்திப் புரட்டிய அடையாளம். பெட்டை நின்றால் பக்கத்தில் குட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெயில் ஏற ஏற அவை காட்டோரமாக ஒதுங்கிப் போய்விடும், அந்தியில்தான் திரும்ப மேய வரும். புல் முடிந்து காடு தொடங்கும் கோடு கத்தியால் வெட்டியதுபோல இருப்பதையும் அப்போது கவனிக்கலாம். மரைக்கு இரண்டும் வேண்டும், மேயப் புல்லும் ஒளியக் காடும். சிறுத்தைக்கும் அப்படித்தான்.

சிறுத்தையைக் காண்போம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். அது அங்கே இருக்கிறது, நம்மைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம், நம் கண்ணில் படுவது அபூர்வம். அதை விட்டுவிட்டுச் சின்னதைத் தேடப் பழக்குங்கள். பாசி பிடித்த மரத்தண்டில் பத்து நிமிடம் பொறுமையாகக் கண்ணை ஓட்டினால் மூக்கின் நுனியில் வெள்ளைக் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று தட்டுப்படலாம். அசையாது. தொடப்போகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அந்த ஓணான் இல்லை. மஞ்சள் பூப் பூத்த முட்புதர்களின் மேல் பச்சை ஓணான் வெயில் காய்வதையும் காணலாம். அந்த முட்புதர் கோர்ஸ், வெள்ளைக்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்தது, இன்று புல்வெளிக்குள் பரவி நிற்கிறது. ஓடைக்குள் ஒரு சிறிய இறால் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழ்வது, ஹோட்டன் சமவெளி ஓடைகளுக்கே உரியது. அதே ஓடையில்தான் மீன் பிடிக்கும் பொழுதுபோக்குக்காக வெள்ளைக்காரர் விட்ட டிரவுட் மீனும் நீந்துகிறது. காட்டோரத்தில் கருமந்திகள் கத்தும் சத்தம் கேட்கும். குளிருக்காக மயிர் அடர்ந்து, கீழ்நாட்டு மந்தியைவிட இரட்டிப்புப் பருமனாகத் தெரியும். தேவாங்கு இரவில்தான் நடமாடும், பிள்ளைகள் பார்க்க முடியாது. ஆனால் அதன் கதையைச் சொல்லுங்கள்: 1937 இல் அறியப்பட்ட அந்தச் சமவெளித் தேவாங்கு, அழிந்தே போயிற்று என்று பலரும் எண்ணிய பிறகு, மறுபடி கண்டுபிடிக்கப்பட்டு, 2009 இல் படம் பிடிக்கப்பட்டது.

இலையில்லாமல் வெளுத்து நிற்கும் மரங்களையும் காண்பார்கள், உச்சிக் காட்டில் கூட்டங்கூட்டமாக. பல பத்தாண்டுகளாக அங்கே மரம் செத்துக்கொண்டு வருகிறது. மண்ணின் சத்துக் குறைவு, வறட்சி, காற்றில் வரும் நஞ்சு என்று ஆய்வாளர்கள் பல காரணங்களைப் பேசுகிறார்கள். உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகள் ஒரு செத்த மரத்தடியில் நின்று அரைமணி நேரம் விவாதித்தாலே போதும்.

இப்போது நம் பழக்கங்களைப் பற்றி. இதைச் சொல்லாமல், ‘போங்கள்’ என்று மட்டும் சொன்னால் அந்தப் புல்வெளிக்கு நான் கெடுதல் செய்தவன் ஆவேன்.

சுற்றுலா பஸ் என்றால் டோலக், ரபான், ஒலிபெருக்கி. பட்டிப்பொல வரை ஆடிப் பாடட்டும், அது அவர்களின் நாள். வாயிலில் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். சத்தம் போட்டால் விலங்குகள் ஓடிவிடும் என்பது ஒரு காரணம். பிள்ளைகள் வாழும் லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டு வானொலி, அதற்கடுத்த வீட்டுச் சண்டை எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு காலைப்பொழுதாவது காற்றும் தண்ணீரும் மட்டும் கேட்கிற இடத்தில் அவர்கள் நடக்கட்டும்.

மரைக்கு எதையும் கொடுக்கக் கூடாது. ஃபார் விடுதிப் பக்கத்தில் மனிதரைக் கண்டு ஓடாமல், வாகனத்துக்குக் கிட்ட வந்து தலையை நீட்டும் மரைகளை நீங்கள் பார்ப்பீர்கள். பாணும் பிஸ்கட்டும் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். பிள்ளை ஆசையாகத்தான் நீட்டும். ஆனால் அந்த ருசி பிடித்த மரை உப்பும் எண்ணெயும் ஒட்டிய லஞ்ச் சீற்றையும் சேர்த்து விழுங்குகிறது, அது செரிக்காமல் வயிற்றில் தங்குகிறது. வாயிலில் பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மேலுறையைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதை ஒரு தொந்தரவாகப் பிள்ளைகள் முன் பேசாதீர்கள். வீட்டிலிருந்தே ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் கட்டியோ டப்பாவில் போட்டோ கொண்டுவரச் சொன்னால் அந்தச் சோதனைக்கே வேலையிருக்காது. தாய்மார்களே, இது உங்கள் கையில்.

பஸ்ஸைப் பற்றியும் கேட்கிறேன். சமவெளிக்குள் வீதி விலங்குகளின் பாதையைக் குறுக்கறுத்துப் போகிறது. ஓணானும் தவளையும் டயருக்கடியில் போவது யார் கண்ணிலும் படாது. சாரதியிடம் மெதுவாக ஓட்டும்படி ஆசிரியர் முன்னமே சொல்லிவைக்க வேண்டும். அதைவிட முக்கியம், இரவு முழுக்க ஓட்டிய சாரதி காலையில் நம் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. பிரேக் பார்த்த பஸ்ஸாக இருக்க வேண்டும். 2025 மே மாதம் நம் கொத்மலைப் பக்கம் கெரண்டியெல்லவில் நடந்த பஸ் விபத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. ரயில் விருப்பமென்றால் நானுஓயாவில் ஏறி ஒஹியவில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து மேலே வேறு வாகனம் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஏற்றம் ஆகாது.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட. கொழுந்து மலை ஏறி இறங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பெரிதில்லை, குளிரும் சிலிப்பரும்தான் பிரச்சினை. சப்பாத்து இல்லாத பிள்ளை யார், ஜெர்சி இல்லாத பிள்ளை யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டு, காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுவிடும். அது நடக்க விடாதீர்கள். பழைய மாணவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். சுற்றுலாவுக்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சப்பாத்தும் ஜெர்சியும் வந்து சேரும். இராத்தங்கல் செலவு இல்லாத சுற்றுலா இது. இரண்டு நாள் கொழும்புப் பயணத்துக்குத் தாய் எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

பாதையில் எல்லோரும் ஓடுவது ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்புக்கு. நிலம் அங்கே சடாரென்று அறுந்து எண்ணூற்றைம்பது மீற்றருக்கு மேல் கீழே விழுகிறது. காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் மூட்டம் வந்து மூடிவிடும், அதனால்தான் விடிகாலையில் போகச் சொல்கிறேன். விளிம்பில் பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த நாளில் தெற்கே உடவளவைக் குளம் மினுங்கும், அதற்கும் அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் கடலைத்தான் தேடுவார்கள். நம் பிள்ளைகளை நேர் கீழே பார்க்கச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் நொன்பெரியல் தோட்டம் கிடக்கிறது. தேயிலை நிரைகள், வளைந்து போகும் தோட்டப் பாதை, வரிசையாக லயங்களின் தகரக் கூரைகள். அவ்வளவு உயரத்திலிருந்து அது நகத்தளவுதான் இருக்கும்.

லயத்துப் பிள்ளை ஒன்று லயத்தை மேலிருந்து பார்ப்பதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தோட்டத்துக்குள் நிற்கும்போது தோட்டம்தான் உலகம். துரையின் பங்களா உச்சியில், நாம் அடியில். அந்த விளிம்பில் நின்று பார்க்கிற பிள்ளைக்குத் தோட்டம் காட்டுக்குக் கீழே வெட்டி வைத்த ஒரு துண்டு என்பது தெரியும். காடு பழையது, தேயிலை இருநூறு வருடம்கூட ஆகாதது. அந்தத் துண்டுக்குள் தன் தாய் தகப்பன் என்ன உழைப்பு உழைக்கிறார்கள் என்பதும் தெரியும். சரித்திரப் பாடத்தில் மலையகத் தமிழர் வருகை என்று நாம் நடத்தும் பாடத்தை அங்கே நின்று கால்மணி நேரம் நடத்துங்கள். வேறெந்த வகுப்பறையிலும் அது அப்படி இறங்காது.

கடலுக்கு அப்பால் கேரளத்து மூணாறில் இதே காட்சி இருக்கிறது. அங்கேயும் தேயிலை, அங்கேயும் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் தமிழர், அங்கேயும் தேயிலைக்கு மேலே புல்வெளியும் இடையிடையே சோலைக்காடும். தோட்டக் கம்பனியின் வேட்டைக்காடாக இருந்த எரவிகுளம் 1975 இல் சரணாலயமாகி 1978 இல் தேசிய பூங்காவானது. வரையாடுகளைப் பார்க்கப் போகிறவர்களை ராஜமலைப் பகுதிக்கு மட்டும், வனத்துறை வண்டியிலேயே ஏற்றிப் போகிறார்கள். ஆடு குட்டி போடும் காலத்தில் வாயிலையே மூடிவிடுகிறார்கள். 2018 இல் அங்கே நீலக்குறிஞ்சி பூத்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த நெலு 2013 இல் ஹோட்டன் சமவெளியில் பூத்துக் கிடந்தது. பல வருடம் காத்திருந்து ஒன்றாகப் பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும் செடி, அந்த விதைக்குக் காட்டுக்கோழி கூட்டமாக வரும். எரவிகுளத்தில் காட்டைத் தெரிந்த முதுவர் பழங்குடியினரே காவலும் பார்க்கிறார்கள். நம் டயகமப் பிள்ளைக்கும் பட்டிப்பொலப் பிள்ளைக்கும் ஹோட்டன் சமவெளியில் அப்படி ஒரு இடம் இருக்க வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசி, பறவையின் பெயரும் செடியின் பெயரும் தெரிந்த வழிகாட்டிகளாக நம் பிள்ளைகள் வர வேண்டும். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அந்தப் புல்லை ஒருமுறையாவது மிதிக்காமல் அந்த ஆசை எப்படி வரும்?

போய்வந்த பிறகு தோட்டத்தில் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. காப்பாற்ற எடுத்துப் போனார்கள். சில நாளில் செத்தது. கம்பி பன்றிக்குக் கட்டியது என்பார்கள். மரக்கறித் தோட்டத்தைப் பன்றி புரட்டினால் எவ்வளவு நட்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கம்பி பன்றி என்றும் சிறுத்தை என்றும் பார்ப்பதில்லை. மலைநாட்டுக் காடுகளில் திரியும் சிறுத்தை தேயிலைக்குள்ளும் இறங்கித்தான் காட்டுக்குக் காடு போகிறது. சமவெளியில் மரையை நேரில் பார்த்து வந்த பிள்ளை, வீட்டில் கம்பி முறுக்கும் மாமனிடம் ஒரு வார்த்தை கேட்கும். பெரியவர்கள் கேட்டால் சண்டை வரும், பிள்ளை கேட்டால் மாமன் யோசிப்பார்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மழை குறைந்து வானம் தெளிந்திருக்கும் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். நீண்ட விடுமுறை வார இறுதிகளைத் தவிருங்கள், அந்த நாட்களில் பாதையில் கால் வைக்க இடமிருக்காது. இருநூறு பிள்ளைகளை மூன்று பஸ்ஸில் அடைத்துக்கொண்டு போகாமல் ஒரு வகுப்பு, ஒரு பஸ் என்று போங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அதிபரின் கையொப்பத்தோடு முன்கூட்டியே கடிதம் எழுதி, பாடசாலைப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரிவித்து, கட்டணச் சலுகையையும் வழிகாட்டியையும் கேளுங்கள். போகும் வாரத்துக்கு முன் ஒரு மாலை, பிள்ளைகளைக் கொத்மலை நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிப்போய் ஓயா எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். கடிதம் எழுதவும், பிள்ளைகளுக்குச் சப்பாத்துச் சேர்க்கவும், நடையில் கூட வரவும் என்னைப்போலச் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி ஒரு திகதியைக் குறியுங்கள்.

அன்புடன்,
பூண்டுலோயாவிலிருந்து உங்கள் பழைய மாணவன்